மெம்பர், அங்கத்தினர், உறுப்பினர்: பழைய இதழ்களில் ஓர் ஆங்கிலச் சொல்லின் வழக்கு

ஆய்வுச்சுருக்கம்

இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் வெளிவந்த தமிழ் நாளிதழ்களிலும் பருவ இதழ்களிலும் மிகுதியாகப் பயின்ற ஆங்கிலச் சொற்களுள் ‘மெம்பர்’ ஒன்று. பின்னாளில் அச்சொல்லின் இடத்தை ‘அங்கத்தினர்’ என்பதும், அதன் இடத்தை ‘உறுப்பினர்’ என்பதும் பெற்றன. இம்மாற்றம் ஒரு பொருளுக்குரிய பெயர் மட்டும் மாறிய நிகழ்வு அன்று. பழைய இதழ்களில் ‘மெம்பர்’ ஒன்றற்கு மேற்பட்ட பொருள்களில் வழங்கியது. அவற்றுள் சில இன்றைய ‘உறுப்பினர்’ என்னும் சொல்லுள் அடங்குவன அல்ல. இவ்வேறுபாட்டைப் புதுக்கோட்டை வட்டாரத்தின் அரசியல் வரலாற்றோடு பொருத்தி விளக்குவதும், பழைய இதழ்களை மறுபதிப்பாகக் கொணர்வோரும் மின்வடிவில் தேடுவோரும் கொள்ள வேண்டிய கவனத்தைச் சுட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

திறவுச்சொற்கள்: மெம்பர், அங்கத்தினர், உறுப்பினர், இதழியல் மொழி, கடன்சொல், புதுக்கோட்டை.

முன்னுரை

தமிழில் கலந்த ஆங்கிலச் சொற்களைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் இரு வகையின. கடன்சொற்களைத் தொகுத்துப் பட்டியலிடுவன ஒருவகை. அவற்றுக்கு ஈடான தமிழ்ச் சொற்கள் தோன்றிய வரலாற்றைக் கூறுவன மற்றொரு வகை. கடன்சொல் ஒன்று வழக்கில் இருந்த காலத்தில் அது எவ்வெப்பொருளைச் சுமந்தது, அதன் இடத்தைப் பெற்ற தமிழ்ச் சொல் அப்பொருள் முழுவதையும் ஏற்றுக்கொண்டதா என்னும் வினாக்கள் குறைவாகவே எழுப்பப்பட்டுள்ளன. ‘மெம்பர்’ இவ்வினாக்களுக்கு ஏற்ற சொல்லாகும்.

எழுத்து வழக்கில் ஏறக்குறைய மறைந்துவிட்ட இச்சொல் பேச்சு வழக்கில் இன்றும் வாழ்கிறது. புதுக்கோட்டை மாவட்டத்துச் சிற்றூர்களில் ஊராட்சியின் வார்டு உறுப்பினரை மக்கள் ‘மெம்பர்’ என்றே சுட்டுகின்றனர். அச்சில் மறைந்த சொல் பேச்சில் நிலைத்ததன் காரணத்தையும் பழைய இதழ்களின் வழக்கே விளக்குகிறது.

குழுவைச் சுட்டும் பழந்தமிழ் வழக்கு

ஆங்கிலச் சொல்லின் மூலம் இலத்தீனத்தில் உடலுறுப்பைக் குறிக்கும் ‘மெம்ப்ரும்’ என்பதாகும். உடலுக்கு உறுப்புப் போல ஓர் அமைப்புக்கு அதனைச் சார்ந்த தனியாள் என்னும் உருவகத்தின் வழியே அச்சொல் இன்றைய பொருளைப் பெற்றது. உறுப்பு என்பதைப் பகுதி என்னும் விரிந்த பொருளில் ஆளும் வழக்குத் தமிழுக்குப் புதிதன்று. தொல்காப்பியச் செய்யுளியல் செய்யுளின் கூறுகளை உறுப்பு எனக் கூறுகிறது. திருக்குறளின் படைமாட்சி அதிகாரம் (குறள் 761) படையின் கூறுகளை அச்சொல்லாலேயே சுட்டுகிறது. எனினும் ஓர் அவையைச் சார்ந்த மனிதரை ‘உறுப்பு’ எனக் கூறும் தேவை பழந்தமிழுக்கு எழவில்லை.

அதற்குக் காரணம் தமிழின் சொல்லாக்க இயல்பு. குழுவின் பெயரோடு பால் காட்டும் ஈற்றையோ இடம் காட்டும் ஈற்றையோ சேர்த்து, அக்குழுவினரைச் சுட்டுதல் தமிழ் மரபு. ஊரார், நாட்டார், நகரத்தார், சபையார் என்பன இவ்வாறு அமைந்தவை. கல்வெட்டுகளில் ஊர்ச்சபையினர் தம்மைத் தாமே ‘ஊரோம்’, ‘சபையோம்’, ‘நாட்டோம்’ எனத் தன்மைப் பன்மையில் கூறிக்கொள்வர். புதுக்கோட்டைச் சமஸ்தானக் கல்வெட்டுகளைப் பயின்றோர்க்கு இவ்வழக்கு நன்கு தெரிந்ததே. இங்கு முழுமையே அடிச்சொல். அதனைச் சார்ந்தவர் ஈற்றால் உணர்த்தப்படுகின்றனர். பொறுப்பு ஒன்றை ஏற்றவரைத் தனித்துக் கூற வேண்டியபோதும் பொறுப்பின் பெயரே அடியாயிற்று. உத்திரமேரூர்க் கல்வெட்டு கூறும் ‘வாரியப் பெருமக்கள்’ இதற்குச் சான்று.

‘மெம்பர்’ என்பது இதற்கு மாறான அமைப்புடையது. அங்கே பகுதியே அடிச்சொல். அது எண்ணத்தக்க தனியாளைக் குறிப்பது. வாக்கு, சந்தா, குறைவெண், பெயர்ப்பட்டியல் ஆகியவற்றை அடிப்படையாகக் கொண்ட சங்கங்களும் சபைகளும் தோன்றியபோதுதான் இத்தகைய சொல் தேவைப்பட்டது. இன்றும் செய்தித்தாள்கள் திரளாகச் சுட்டுமிடத்து ‘கட்சியினர்’ என்றும், எண்ணிக் கூறுமிடத்து ‘உறுப்பினர்’ என்றும் எழுதுவதைக் காணலாம். இவ்விரண்டும் வேறுவேறு பணியைச் செய்கின்றன.

பாரதியாரின் தேடல்

1882இல் ஜி. சுப்பிரமணிய ஐயரால் தொடங்கப்பெற்ற ‘சுதேசமித்திரன்’ முதலாகத் தமிழ்ச் செய்தித்தாள்கள் ஆங்கிலச் செய்திகளை நாள்தோறும் தமிழாக்கும் நிலையில் இருந்தன. சொல்லைத் தேடி அமர்வதற்கு நேரம் இல்லாத பணி அது. அந்நெருக்கடியைப் பாரதியார் தம் கட்டுரையொன்றில் வெளிப்படையாகப் பதிவு செய்துள்ளார். ‘மெம்பர்’ என்பதற்குத் தமிழ் தேடி அரைமணி நேரம் எண்ணியும் மனத்துக்குப் பொருந்தும் சொல் அகப்படாமையால் ஆங்கிலச் சொல்லையே எழுதிவிட்டதாகவும், தக்க சொல்லைப் பின்னர்க் கூறுவதாகவும் அவர் தெரிவிக்கிறார். அவர் எண்ணிய சொற்கள் அவயவி, அங்கத்தான், சபிகன், உறுப்பாளி என்பன.

இப்பகுதி பலராலும் எடுத்துக்காட்டப்படுவது. ஆயினும் அவர் அச்சொற்களை ஏற்கத் தயங்கியதன் மொழியியல் அடிப்படை விரிவாக நோக்கப்படவில்லை. நியாய நூல் வழக்கில் அவயவம் என்பது பகுதி. அவயவி என்பது பகுதிகளை உடைய முழுமை. ஆகவே ‘அவயவி’ சங்கத்தைக் குறிக்குமே அன்றிச் சங்கத்தைச் சார்ந்தவரைக் குறிக்காது. ‘உறுப்பாளி’ என்பதிலும் இதே இடர்ப்பாடு உண்டு. முதலாளி, நோயாளி என்பவற்றில் ஆளி ஈறு உடைமைப் பொருள் தருவதால், உறுப்பாளி என்பதும் உறுப்புகளை உடையவர் என்றே பொருள்படும். ‘சபிகன்’ என்பதைப் பாரதியார் சரியான சொல்லாகவே கொண்டார். பொதுமக்கள் அறியார் என்பதே அவர் தடையாகக் கண்டது. வடமொழியில் அச்சொல் சூதாட்டக் களத்தின் தலைவனைக் குறிப்பதும் உண்டு.

எஞ்சிய ‘அங்கத்தான்’ சொல்லமைப்பில் வழக்காறு பெறத்தக்கது. ஆயினும் அது ஆண்பால் ஒருமை. மரியாதை குறிக்கும் இடத்தில் நில்லாது. அன் ஈற்றுச் ‘சபிகன்’ என்பதற்கும் இக்குறை பொருந்தும். பின்னாளில் நிலைபெற்ற ‘அங்கத்தினர்’, ‘அங்கத்தவர்’ ஆகியவை இதே அடிச்சொல்லை அர் ஈற்றோடு சேர்த்து அக்குறையை நீக்கிக்கொண்டவை. அடுத்து வந்த ‘உறுப்பினர்’, ‘அங்கம்’ நின்ற இடத்தில் ‘உறுப்பு’ என்பதை வைத்து அமைத்த வடிவமாகக் கொள்ளத்தக்கது. இவ்வாறு நோக்கின், பாரதியார் கைவிட்ட சொல்லிலேயே அடுத்த தலைமுறையின் தீர்வு அடங்கியிருந்தது எனலாம்.

பாரதியாரின் இப்பதிவு வேறொன்றையும் உணர்த்துகிறது. அக்கால இதழாளர் ஆங்கிலச் சொல்லை எழுதியதெல்லாம் மொழிப்பற்றின்மையாலோ கவனமின்மையாலோ அன்று. சில இடங்களில் அது பல சொற்களை எடைபோட்டபின் மேற்கொண்ட முடிவு.

ஒலியமைப்பின் துணை

‘மெம்பர்’ எளிதில் வேரூன்றியதற்கு அதன் ஒலியமைப்பும் துணை செய்தது. மெகரம் மொழிமுதலாதலும், மகர பகரங்கள் இடையில் மயங்குதலும், ரகர மெய் ஈறாதலும் தமிழ் மரபுக்கு உடன்பாடானவை. கிரந்த எழுத்து எதுவும் வேண்டாமலே அச்சொல்லை எழுத இயலும். அதனினும் குறிப்பிடத்தக்கது அதன் ஈறு. புலவர், தலைவர் என்பவற்றின் உயர்வுப் பன்மை ஈற்றோடு அது ஒத்தொலிக்கிறது. ஆகவே ‘மெம்பர் வந்தார்’ என மரியாதை வினை கொண்டு முடிப்பதில் இடர்ப்பாடு இல்லை. கலெக்டர், டாக்டர் ஆகியனவும் இவ்வகையினவே. ஆண், பெண் இருபாலார்க்கும் அச்சொல் மாற்றமின்றிப் பொருந்தியது.

இப்பொதுமை வரலாற்றில் பயன்பட்ட ஓர் இடம் உண்டு. புதுக்கோட்டையில் 1886இல் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி, சென்னை மாகாணச் சட்டசபையில் இடம்பெற்ற முதற்பெண்மணி ஆவார். 1927இல் அதன் துணைத் தலைவராகவும் ஆனார். ஆண்களே அமர்ந்திருந்த சபையில் பெண் ஒருவர் அமர்ந்தபோது ‘அங்கத்தான்’, ‘சபிகன்’ போன்ற வடிவங்கள் பயன்படா. ‘மெம்பர்’ என்பதோ, அர் ஈறு பெற்ற ‘அங்கத்தினர்’ என்பதோ தான் அங்குப் பொருந்தும்.

பழைய இதழ்களில் மூன்று பொருள்கள்

பழைய இதழ்களில் ‘மெம்பர்’ வழங்கிய இடங்களை மூன்றாக வகுக்கலாம்.

முதலாவது, சந்தா செலுத்தியோ விதிகளை ஏற்றோ ஒரு சங்கத்தில் சேர்ந்தவர். வாசகசாலை, கூட்டுறவுச் சங்கம், சாதிச் சங்கம், காங்கிரஸ் கமிட்டி ஆகியவை பற்றிய செய்திகளில் இப்பொருள் பயிலும். ‘மெம்பராகச் சேர்தல்’ என்னும் தொடர் இவ்வகையைச் சார்ந்தது.

இரண்டாவது, தேர்ந்தெடுக்கப்பட்டோ நியமிக்கப்பட்டோ ஒரு மன்றத்தில் அமர்பவர். முனிசிபல் மெம்பர், சட்டசபை மெம்பர் ஆகிய தொடர்கள் இவ்வகையின. புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் 1902இல் பிரதிநிதிகள் சபையும், 1924இல் சட்டசபையும் அமைக்கப்பெற்றன. ஆதலின் சென்னை மாகாண இதழ்களைப் படித்த சமஸ்தானத்து மக்களுக்கு இப்பொருள் தம் ஊர் அனுபவத்தோடும் இயைந்ததாயிற்று. இன்று புதுக்கோட்டை மாவட்டத்தில் உள்ள திருமயத்தில் 1887இல் பிறந்த சத்தியமூர்த்தி 1923 முதல் சென்னைச் சட்டசபையிலும், பின்னர் மத்தியச் சட்டசபையிலும் இடம்பெற்றவர்.

மூன்றாவது பொருளே இன்று மறக்கப்பட்டது. ஆளுநரின் அல்லது வைசிராயின் நிர்வாக சபையில் துறைப்பொறுப்பு ஏற்றவரும் ‘மெம்பர்’ எனப்பட்டார். லா மெம்பர், ஹோம் மெம்பர் என்னும் தொடர்கள் இவரைக் குறிப்பன. 1919ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி வந்த இரட்டையாட்சியில், நிதி, காவல், நிலவரி முதலிய ஒதுக்கப்பட்ட துறைகள் நிர்வாக சபை மெம்பர்களிடமும், கல்வி, உள்ளாட்சி, பொதுச் சுகாதாரம் முதலிய மாற்றப்பட்ட துறைகள் மந்திரிகளிடமும் இருந்தன. மந்திரி சட்டசபைக்குப் பொறுப்புடையவர். நிர்வாக சபை மெம்பர் அவ்வாறு பொறுப்புடையவர் அல்லர். எனவே அக்கால இதழ் ஒன்று ‘மெம்பர்களும் மந்திரிகளும்’ என எழுதினால், அத்தொடரில் இரட்டையாட்சியின் அமைப்பு முழுவதும் அடங்கியுள்ளது. 1923 முதல் 1928 வரை சென்னை அரசின் லா மெம்பராக இருந்த சி. பி. இராமசாமி ஐயர் இவ்வகையினர். 1937இல் மாகாணத் தன்னாட்சி நடைமுறைக்கு வந்தபின் மாகாணத்தில் இப்பொருளுக்கு இடமில்லாது போயிற்று. மத்தியில் மேலும் சில ஆண்டுகள் அது நீடித்தது. 1942 முதல் 1946 வரை வைசிராயின் நிர்வாக சபையில் தொழிலாளர் துறையை ஏற்ற அம்பேத்கர் ‘மெம்பர்’. 1947இல் சட்டத்துறையை ஏற்றபோது ‘மந்திரி’.

மாற்றம் நிகழ்ந்த முறை

‘மெம்பர்’ தனியே மாறவில்லை. சங்க நிர்வாகம் பற்றிய சொற்தொகுதி முழுவதும் அடுத்தடுத்து இருமுறை மாறியது. அக்கிராசனர், காரியதரிசி, பொக்கிஷதார், அங்கத்தினர் ஆகியன ஒரு தொகுதி. தலைவர், செயலாளர், பொருளாளர், உறுப்பினர் ஆகியன அடுத்த தொகுதி. ‘சபை’ என்பதும் ‘மன்றம்’, ‘அவை’ என்பவற்றுக்கு இடம் தந்தது. 1916இல் தொடங்கிய தனித்தமிழ் இயக்கமும், 1930கள், 1940களில் எழுந்த கலைச்சொல் முயற்சிகளும், திராவிட இயக்க இதழ்களும், 1956ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டத்தையொட்டி வந்த ஆட்சிச்சொல் தொகுப்புகளும் இம்மாற்றத்திற்குத் துணைநின்றன. புதுக்கோட்டையிலிருந்து 1947இல் முருகு சுப்பிரமணியன் தொடங்கிய ‘பொன்னி’, பாரதிதாசன் வழிவந்த கவிஞர்களை ஒருங்கிணைத்த இதழாதலின், இம்மொழிச்சூழலை ஆராய்வோர்க்கு இன்றியமையாதது.

மாற்றம் எல்லாத் தமிழ் நிலங்களிலும் ஒரே அளவில் நிகழவில்லை. இலங்கைத் தமிழில் ‘உறுப்பினர்’ என்பதோடு ‘அங்கத்தவர்’, ‘அங்கத்துவம்’ ஆகியன இன்றும் இயல்பாக வழங்குகின்றன. தமிழ்நாட்டில் அவை முதிய தலைமுறையின் எழுத்தை நினைவூட்டுகின்றன. ஆகவே இவ்வடிவங்களை மட்டும் கொண்டு ஓர் எழுத்தின் காலத்தைத் துணிதல் கூடாது. அது தோன்றிய இடத்தையும் நோக்க வேண்டும்.

பேச்சு வழக்கில் இம்மாற்றம் பாதியளவே நிகழ்ந்தது. கூட்டுறவுச் சங்கத்தில் சேர்ந்தவரும் கட்சியின் அட்டை பெற்றவரும் ‘உறுப்பினர்’ ஆயினர். மக்கள் தேர்ந்தெடுத்த ஊராட்சி வார்டு உறுப்பினரோ ‘மெம்பர்’ ஆகவே நின்றார். 1994ஆம் ஆண்டின் ஊராட்சிகள் சட்டம் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடத்தை ஒதுக்கியபின் ‘மெம்பரம்மா’ என்னும் வடிவமும் சிற்றூர்களில் பரவலாயிற்று. பழைய இதழ்களில் ஒரே சொல்லில் கலந்திருந்த முதலிரு பொருள்களைப் பேச்சுத்தமிழ் இருவேறு சொற்களுக்குப் பகிர்ந்தளித்துள்ளது. சேர்ந்திருத்தல் ‘உறுப்பினர்’ என்பதன் பொருள். பதவி வகித்தல் ‘மெம்பர்’ என்பதன் பொருள். ‘மெம்பர்’ விளிப்பெயராகவும் பயன்படுவதும், ‘உறுப்பினர்’ அவ்வாறு பேச்சில் பயன்படாமையும் இதனை உறுதிசெய்கின்றன.

மறுபதிப்பும் தேடலும்

மேற்கூறிய வேறுபாடுகள் ஆய்வு நடைமுறையில் மூன்று விளைவுகளைத் தருகின்றன.

ஒன்று, பழைய கட்டுரைகளை நூலாக்கும்போது ‘மெம்பர்’ என்பதை ‘உறுப்பினர்’ எனத் திருத்துவது சான்றினை அழிப்பதாகும். முதலிரு பொருள்களில் இத்திருத்தம் காலக்குறிப்பை மட்டும் மறைக்கும். மூன்றாம் பொருளில் அது செய்தியையே பிழையாக்கும். ‘லா மெம்பர்’ என்பது ‘சட்ட உறுப்பினர்’ எனவோ ‘சட்டமன்ற உறுப்பினர்’ எனவோ மாறினால், அரசின் துறைப்பொறுப்பாளர் ஒருவர் வாக்களிக்கும் சபையினருள் ஒருவராகத் தோற்றமளிப்பார். ‘அமைச்சர்’ எனத் திருத்தினாலும் இரட்டையாட்சியின் அடிப்படை வேறுபாடு மறையும்.

இரண்டு, ‘சட்டசபை மெம்பர்’ என்பதை ‘சட்டமேலவை உறுப்பினர்’ என எழுதும் இக்கால வழக்கு. 1937க்கு முன்னர்ச் சென்னை மாகாணத்தில் இருந்தது ஓரவையே. அதன் ஆங்கிலப் பெயர் பின்னாளில் மேலவைக்கு உரியதாயிற்று. பிற்காலப் பொருளைப் பின்னோக்கி ஏற்றி, முத்துலட்சுமி ரெட்டியையும் 1923ஆம் ஆண்டின் சத்தியமூர்த்தியையும் மேலவையினர் எனக் கூறுவது, கீழவை ஒன்றும் அப்போது இருந்தது என்னும் பிழையான எண்ணத்தைத் தரும். பழைய இதழ்களின் ‘சட்டசபை மெம்பர்’ என்னும் தொடரே இங்கு வரலாற்றோடு பொருந்துகிறது.

மூன்று, மின்வடிவத் தொகுப்புகளில் தேடுவோர் இன்றைய சொல்லை மட்டும் இட்டுத் தேடினால் 1940களுக்கு முற்பட்ட சான்றுகளிற் பெரும்பகுதி கிடைக்காது. மெம்பர், அங்கத்தினர், அங்கத்தவர், அங்கத்தினன், சபிகர், உறுப்பினர் ஆகிய வடிவங்கள் அனைத்தையும் தேட வேண்டும். எழுத்துணரி மென்பொருள் பழைய அச்சில் எகரக் கொம்பையும் ஏகாரக் கொம்பையும் மாற்றி உணர்தல் இயல்பாதலின், ‘மேம்பர்’ என்பதையும் தேடுதல் பயன் தரும்.

இத்தகைய ஆய்வுக்குரிய மூலங்கள் புதுக்கோட்டை வட்டாரத்தில் எட்டும் தொலைவிலேயே உள்ளன. பா. கிருஷ்ணமூர்த்தி, டோரதி இணையர் உருவாக்கிய ஞானாலயா ஆய்வு நூலகம் முதற்பதிப்புகளுக்கும் பழைய இதழ்களுக்கும் பெயர்பெற்றது. அண்டை மாவட்டத்துக் கோட்டையூரில் ரோஜா முத்தையா சேர்த்த நூல்களும் இதழ்களும் 1994 முதல் சென்னையில் அவர் பெயரால் அமைந்த ஆராய்ச்சி நூலகத்தின் அடித்தளமாயின. முதற்பதிப்பையும் மறுபதிப்பையும் ஒருங்கே வைத்து ஒப்பிட்டால், எச்சொல் எப்போது எவரால் திருத்தப்பட்டது என்பதைத் துணிய இயலும்.

முடிவுரை

‘மெம்பர்’ என்னும் சொல், முழுமையை அடியாகக் கொண்டு குழுவினரைச் சுட்டிய தமிழ் மரபினுள், எண்ணத்தக்க தனியாளைக் குறிக்கும் புதிய தேவையோடு நுழைந்தது. அத்தேவையை நிறைவேற்றத் தமிழ் ‘அங்கத்தினர்’ என்பதையும் பின் ‘உறுப்பினர்’ என்பதையும் ஆக்கிக்கொண்டது. சேர்ந்திருத்தல், பதவி வகித்தல், ஆட்சித்துறை ஏற்றல் என்னும் மூன்று பொருள்களுள் முதலாவது முழுமையாகத் தமிழ்ச்சொல்லுக்கு மாறியது. இரண்டாவது எழுத்தில் மாறிப் பேச்சில் மாறாது நின்றது. மூன்றாவது, அதனைத் தாங்கிய ஆட்சிமுறையோடு மறைந்தது.

தமிழாக்கத்தின் வெற்றியை மதிப்பதும், பழைய இதழ்களின் சொல்லை இருந்தவாறே காப்பதும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல. இன்று எழுதுவோர் ‘உறுப்பினர்’ என எழுதுதல் முறையே. அன்று எழுதியவர் ‘மெம்பர்’ என எழுதியதைப் பதிப்பாசிரியர் அவ்வாறே வெளியிட்டு, வேண்டுமாயின் பொருளை அடிக்குறிப்பில் விளக்குதலும் முறையே. அக்கடப்பாடு கைக்கொள்ளப்பட்டால், புதுக்கோட்டைச் சிற்றூரில் இன்று ஒலிக்கும் ‘மெம்பர்’ என்பதற்கும் சுதேசமித்திரன் காலத்து ‘மெம்பர்’ என்பதற்கும் உள்ள தொடர்ச்சியை வருங்கால ஆய்வாளர் சான்றுகளோடு நிறுவ இயலும்.